‘பிரபல ரவுடி’க்குப் பெயர் வைத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தமிழ் நாளிதழ்களின் செய்தி ஆசிரியர்களுக்கும், துணை ஆசிரியர்களுக்கும், நள்ளிரவில் குற்றச் செய்திப் பக்கத்தை முடித்துக்கொடுத்துவிட்டு வீடு திரும்பும் தம்பி தங்கையருக்கும்,

வணக்கம்.

31 ஆண்டுகள் உங்கள் மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை. காலையில் நாளிதழைப் பிரித்தால் கை தானாகப் பேனாவைத் தேடும். ஒற்று விடுபட்ட இடத்தில் வட்டம் போடுவேன். எழுவாய் ஒருமையாகவும் பயனிலை பன்மையாகவும் இருந்தால் முணுமுணுப்பேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

சில வாரங்களுக்கு முன் நான் வட்டம் போட்ட சொல் ஒற்றுப் பிழை அல்ல. ‘செல்போன் பறித்த 3 புள்ளிங்கோ கைது’ என்பது தலைப்பு. மூவரில் ஒருவனுக்கு வயது 17 என்று செய்தியின் நான்காவது வரி சொன்னது. அவன் பெயரைப் போடவில்லை. சட்டம் தெரிந்த யாரோ மேசையில் இருந்திருக்கிறார். படத்தில் முகத்தையும் மங்கலாக்கியிருந்தார்கள். தலைமுடியை மட்டும் மங்கலாக்கவில்லை. செம்பட்டைச் சாயம் பூசிய அந்த முடி பளிச்சென்று தெரிந்தது. தலைப்புக்குச் சாட்சியாக அதை விட்டுவைத்திருந்தார்கள் போலும்.

புள்ளிங்கோ என்றால் பிள்ளைகள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் என்பது பேச்சில் பிள்ளைங்க என்றாகி, வடசென்னை நாவில் புள்ளிங்கோ என்று உருண்டது. சோறு ஆறுகிறது, பிள்ளைகளைக் கூப்பிடு என்று வியாசர்பாடியில் ஒரு தாய் சொல்லும்போது வாயில் வரும் சொல் அதுதான். 2019 வாக்கில் ஒரு கானாப் பாடலோடு ஊரெல்லாம் பரவியது. நண்பர் கூட்டத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சொல்லாகத்தான் அது பரவியது. பிறகு கேலிப் படங்கள் வந்தன. முடிக்குச் சாயம் பூசியவன், வண்டியின் புகைபோக்கியை மாற்றியவன், காலோடு ஒட்டிய பேண்ட் போட்டவன் என்று ஒரு உருவம் வரைந்தார்கள். முடிதிருத்தும் கடைகளுக்குப் போய்ப் பள்ளி மாணவர்களுக்கு ‘புள்ளிங்கோ கட்டிங்’ போடாதீர்கள் என்று ஆசிரியர்கள் கேட்டுக்கொண்ட செய்திகளை நாமே வெளியிட்டோம். சில ஆண்டுகளுக்குள் அது குற்றச் செய்தித் தலைப்பில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு தாய் தன் பிள்ளைகளை அழைக்கும் சொல், காவலர் தேடும் ஆட்களின் அடையாளமாகிவிட்டது. (ஏற்கெனவே பன்மையான சொல்லுக்கு ‘புள்ளிங்கோக்கள்’ என்று இன்னொரு பன்மை விகுதி சேர்க்கும் கொடுமையைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.)

இந்த வகைச் சொற்களெல்லாம் தெருவில் பிறந்து, காவலை மீறி நம் பக்கங்களுக்குள் நுழைந்துவிட்டவை என்றுதான் நெடுநாள் நம்பியிருந்தேன். ஓய்வில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டியபோது கதை தலைகீழாக இருந்தது. தடம் மாறிய இளைஞர்களைச் சுட்ட நாம் வைத்திருக்கும் சொற்களில் கனமானவை தெருவிலிருந்து வரவில்லை. காவல் நிலையப் பதிவேட்டிலிருந்தும் சட்டப் புத்தகத்திலிருந்தும் வந்தவை அவை. தெருவுக்கு அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நம்முடைய அச்சு.

‘கேடி’ என்ற சொல்லைப் பாருங்கள். பச்சைத் தமிழ் போலத் தோன்றுகிறது. கீழ்வேளூரில் இறைவன் பெயர் கேடிலியப்பர், கேடு இல்லாதவர். அப்படியானால் கேடு உடையவன் கேடி என்று புதிதாகச் சேர்ந்த ஒரு துணை ஆசிரியருக்கு நானே விளக்கம் சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் பெருமையாகவே. முழுத் தவறு. அது கே, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்து. ‘நோன் டெப்ரடேட்டர்’ என்பதன் சுருக்கம். (நோன் என்பதற்கு ஆங்கிலத்தில் முதலெழுத்து கே.) அறியப்பட்ட கொள்ளையன் என்று பொருள். வெள்ளையர் காலத்துச் சென்னை மாகாணக் காவல் நிலையங்களில் அப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு பதிவேடு இருந்தது. பெயர் அதில் ஏறிவிட்டால் அந்த ஆள் இரவில் வீட்டில் படுத்திருக்கிறானா என்று காவலர் போய்ப் பார்த்துவர வேண்டும். கான்ஸ்டபிள் வாயில் கே.டி. ஆனது, தேநீர்க் கடையில் கேடி ஆனது, அங்கிருந்து வீட்டுக்குள்ளும் வந்தது. இன்று குறும்பு செய்யும் பேரனைப் பார்த்துப் பாட்டி ‘சரியான கேடி’ என்று கொஞ்சுகிறாள். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சொல் இதே வழியில்தான் புழக்கத்துக்கு வந்தது.

அந்த ‘அறியப்பட்ட’ என்பதுதான் என்னை உறுத்துகிறது. யாரால் அறியப்பட்ட? நீதிமன்றம் தண்டித்தவன் என்று அதற்குப் பொருள் இல்லை. நிலைய அதிகாரிக்குத் தெரிந்தவன், அவ்வளவே. விடுதலைக்குப் பிறகும் இந்தக் கண்காணிப்பு முறை தொடர்ந்தது. காவலர் நள்ளிரவில் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டிச் சோதிப்பது அரசமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் கரக் சிங் வழக்கில் 1962இல் சொன்னது. அவர் உத்தரப் பிரதேசத்துக்காரர். கொள்ளை வழக்கொன்றில் பிடிபட்டுச் சாட்சியம் இல்லாமல் விடுவிக்கப்பட்டவர். விடுவித்த பிறகுதான் கதவு தட்டப்பட்டது.

அடுத்த சொல்லை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் நான் அதைத் தலைப்பாக்கியிருக்கிறேன்.

1990களின் நடுப்பகுதி. ஒரு பொதுக்கூட்டத்தில் ஒரு தலைவர் இன்னொரு தலைவரைக் ‘கேப்மாரி’ என்று திட்டினார். நிருபர் அனுப்பிய செய்தியில் அது எட்டாவது வரியில் இருந்தது. நான்தான் அதைத் தூக்கித் தலைப்பில் வைத்தேன். மூன்றாம் நாள் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமம், லாரி ஓட்டுநர். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. ஆசிரியரைப் பார்க்க விடவில்லை, என்னிடம் அனுப்பிவைத்தார்கள். உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்து, “இதைக் கொஞ்சம் வாசியுங்கள் ஐயா” என்றார். அவருடைய மகனின் சாதிச் சான்றிதழ். வட்டாட்சியர் முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. சமூகத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் தலைப்பு இருந்தது.

“பள்ளிக்கூடத்தில் இதைக் கொடுத்தபோது எழுத்தர் சிரித்தாராம். இனி இதைக் கொண்டுபோக மாட்டேன் என்கிறான் பையன். உதவித்தொகையே வேண்டாம் என்கிறான். நீங்கள் வேறு பெரிய எழுத்தில் போட்டுவிட்டீர்கள்” என்றார். குரலை உயர்த்தவில்லை. நான் தேநீர் வரவழைத்தேன், அவர் குடித்தார். அவர் போன பிறகு ஆசிரியரிடம் சொன்னேன். “சொன்னது தலைவர், நாம் இல்லையே. மேற்கோள் குறி போட்டிருக்கிறோம்” என்றார். மேற்கோள் குறி இருந்தது உண்மைதான்.

தமிழ்நாடு அரசின் சீர்மரபினர் பட்டியலில் 68 சமூகங்கள் உள்ளன. கேப்மாரி அவற்றில் ஒன்று. சீர்மரபினர் என்ற அழகிய சொல்லுக்குப் பின்னால் இருப்பது குற்றப் பரம்பரைச் சட்டம். 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய அந்தச் சட்டம் 1911இல் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகத்தின் பெயர் அரசிதழில் வந்துவிட்டால், அதில் பிறந்தவர் குற்றம் செய்திருக்க வேண்டியதில்லை. கைரேகை கொடுக்க வேண்டும், இரவில் அவரவர் இடத்திலேயே இருக்க வேண்டும். ஊரை விட்டு வெளியே போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். மதுரைப் பக்கத்துப் பெரியவர்களிடம் பேசினால் அந்தச் சீட்டின் பெயர் இன்றும் நினைவிலிருந்து வரும். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் அடைக்கவும் அந்தச் சட்டத்தில் இடம் இருந்தது. இளங்குற்றவாளி என்ற கருத்தை அதற்கு மேல் நீட்ட முடியாது: குற்றம் நடக்கவில்லை, குற்றவாளி மட்டும் பிறந்துவிட்டான்.

கைரேகை வைக்க மறுத்த மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று காவலர்கள் சுட்டார்கள். 16 பேர் இறந்தார்கள், மாயக்காள் என்ற பெண் உட்பட. நினைவுத்தூண் இருக்கிறது, ஏப்ரல் தோறும் நாமும் மாவட்டப் பதிப்பில் ஒரு பத்திச் செய்தி போடுகிறோம். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் போனது, நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31 அன்று போனது. போகும்போதே ‘வழக்கமான குற்றவாளிகள்’ என்று வேறொரு சட்டத்தை வாசலில் உட்காரவைத்துவிட்டுத்தான் போனது. சென்னையின் அந்தச் சட்டம் 1948இலேயே வந்துவிட்டது. சாதிப் பெயர் இருந்த இடத்தில் ஒரு வகைப் பெயர் வந்தது. வசவுச் சொல் அப்படியே நம்மிடம் தங்கிவிட்டது.

இந்தியச் சிறைக் கையேடுகளில் சாதியின் பெயராலும் சீர்மரபினர் என்ற பெயராலும் நடந்த பாகுபாட்டை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் செல்லாது என்று தீர்ப்பளித்தது உங்களுக்கு நினைவிருக்கும். நீங்களும் முதல் பக்கத்தில் போட்டிருப்பீர்கள். வழக்குத் தொடர்ந்தவர் சுகன்யா சாந்தா, ஒரு பத்திரிகையாளர். நம் தொழிலில் இருப்பவர் ஒருவர் சிறைக் கையேட்டைப் புரட்டிப் படித்ததால் விளைந்த தீர்ப்பு அது. அதே சிரத்தையோடு நம் தலைப்புகளையும் யாராவது புரட்டக்கூடாதா என்றுதான் அப்போது தோன்றியது.

ரவுடிக்கு வருகிறேன். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் காட்டுப்புறத்து முரட்டு ஆட்களைக் குறிக்க எழுந்த சொல். ஆங்கிலேயரின் மொழியில் ஏறிக் கப்பலில் இங்கே வந்தது. பிறந்த நாட்டில் இன்று அது பெரும்பாலும் ஒரு பெயரடை. கூச்சல் போடும் கூட்டம், அடங்காத வகுப்பறை என்கிற அளவில் நின்றுவிட்டது. நம் நாட்டில்தான் அது ஆளாக எழுந்து நின்றது. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் காவலர்கள் கண்காணிக்கும் ஆளுக்கு ‘ரவுடி ஷீட்’ திறப்பார்கள். இங்கே ‘ஹிஸ்டரி ஷீட்’. அதை நாம் சரித்திரப் பதிவேடு என்று மொழிபெயர்த்தோம். வேறு எந்த வழியிலும் சரித்திரத்தில் இடம்பிடிக்க வழியில்லாத 22 வயதுப் பையன் ‘சரித்திரப் பதிவேடு குற்றவாளி’ ஆகிவிடுகிறான். இதில் தரவரிசை வேறு உண்டு. ஏ பிளஸ், ஏ, பி, சி. பத்தாம் வகுப்பைத் தாண்டாத பையனுக்கு வாழ்க்கையில் முதன்முறையாக ஏ பிளஸ் கிடைக்கிறது.

அந்தப் பட்டத்தைத் தந்தது காவல்துறை. ‘பிரபல’ என்ற அடைமொழியைத் தந்தது யார்? அது முழுக்க முழுக்க நம் தயாரிப்பு. பிரபல மருத்துவர், பிரபல பாடகி, பிரபல ரவுடி. இரண்டு தெருவுக்கு அப்பால் யாருக்கும் தெரியாத ஒருவனைப் பிரபலமாக்குகிறோம். அடுத்த முறை பிடிபடும்போது அவன் உண்மையிலேயே பிரபலமாக இருக்கிறான். பெயருக்கு முன்னால் அடைப்புப் போட்டுச் சேர்க்கும் பட்டப்பெயரும் அப்படியே. உடற்குறையையோ பிடித்த தின்பண்டத்தையோ குடியிருந்த தெருவையோ வைத்து நண்பர்கள் விளையாட்டாக வைத்த பெயர், நம் பக்கத்தில் வந்ததும் ஒரு விருதாகிவிடுகிறது. புளியந்தோப்பில் ஒரு பையன் தன்னைப் பற்றிய செய்தித் துண்டைப் பணப்பையில் மடித்து வைத்திருந்ததை ஒருமுறை பார்த்தேன். எழுதியவனுக்கு மெய்ப்புப் பார்த்தவன் நான். அதை அவனிடம் சொல்லவில்லை.

குண்டர் சட்டம் என்று நாம் சுருக்கமாக அழைக்கும் 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டத்தின் முழுப் பெயரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் நான் உங்களுக்குக் காபி வாங்கித் தருகிறேன். கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் குற்றவாளி, வனக் குற்றவாளி, குண்டர், விபச்சாரத் தொழில் குற்றவாளி, மணல் குற்றவாளி, குடிசைப்பகுதி நில அபகரிப்பாளர் என்று நீண்டு போகும்; 2004இல் திருட்டு வீடியோக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆக, திரைப்படக் குறுந்தகடு விற்றவரையும் ‘குண்டர் சட்டத்தில் கைது’ என்றுதான் போட்டோம். வாசகர் என்ன நினைப்பார்? கைது என்பதும் சரியில்லை. ஏற்கெனவே சிறையில் இருப்பவரை விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைத்திருக்க ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ பிறப்பிக்கும் தடுப்புக் காவல் உத்தரவு அது. நாம் அதை எழுதும் விதம் இன்னும் அழகு: ‘குண்டாஸ் பாய்ந்தது’. சட்டம் எப்படிப் பாயும்? புலி பாயும்.

குண்டர் என்றால் யார் என்று கேட்டு உச்ச நீதிமன்றமே ஒருமுறை கை விரித்திருக்கிறது. 1946ஆம் ஆண்டின் மத்திய மாகாண, பேரார் குண்டர் சட்டம், குண்டர் என்றால் போக்கிரி, முரடர், நாடோடி என்று ஒரு சொல்லுக்கு வேறு மூன்று சொற்களை விளக்கமாகத் தந்திருந்தது. இந்த விளக்கத்தை வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி எவரை வேண்டுமானாலும் குண்டர் ஆக்கலாம் என்பதால் அந்தச் சட்டம் செல்லாது என்று 1960இல் நீதிபதிகள் தள்ளிவிட்டார்கள். வசவை வசவால் விளக்கினால் வரையறை ஆகாது. நம் நாவுக்கும் இந்தச் சொல் புதிதல்ல; சம்பந்தர் தம் தேவாரத்தில் சமணரைக் குண்டர் என்று ஏசுகிறார். பிடிக்காத கூட்டத்துக்கு ஒரு பெயர் வேண்டும் என்றால் தமிழ் என்றைக்கும் கை விரித்ததில்லை. இதை எழுதும்போது நான் சிரித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

உண்மையிலேயே தெருவில் பிறந்த சொற்களும் இல்லாமல் இல்லை. அவை வேறு மாதிரி இருக்கின்றன. முடிச்சவிழ்க்கி என்பதைக் கேளுங்கள்: காசை வேட்டி முனையிலும் முந்தானையிலும் முடிந்துவைத்த காலத்துத் திருடன், அவன் செய்யும் வேலையாலேயே பெயர் பெற்றவன். சட்டையில் ஜேப் வந்ததும் ஜேப்படி வந்தது. பிளேடு வந்ததும் பிளேடு பக்கிரி வந்தான். அதில் மட்டும் ஒரு சங்கடம் உண்டு, பக்கிரி என்பது நாகூர்ப் பக்கம் மதவேறுபாடு இல்லாமல் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர். வஸ்தாது என்பவர் உஸ்தாத், அதாவது குரு. பழைய சென்னையில் மல்யுத்தமும் சிலம்பமும் கற்றுக்கொடுத்தவர். பம்பாயிலிருந்து வந்த தாதா வட நாட்டில் அண்ணனோ பாட்டனோதான். வண்டியில் பூட்டினால் படுத்துக்கொள்ளும் மாட்டைச் சண்டி மாடு என்போம். தென்மாவட்டத்துச் சண்டியர் அந்தத் தொழுவத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார், மரியாதை விகுதியோடு. யாழ்ப்பாணத்தில் காவாலி என்பார்கள். எல்லாவற்றிலும் பாவம் பொறுக்கிதான். கீழே கிடப்பதைப் பொறுக்கிப் பிழைத்த ஏழையைத் திட்டிய சொல் அது. அவன் எடுத்தது எவரும் வேண்டாம் என்று போட்டதை. அதே வினையை நல்ல இடத்தில் ‘பொறுக்கி எடுத்த முத்துகள்’ என்கிறோம்.

விடலை என்ற சொல்லுக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். சங்கப் பாடல்களில் அது பாலை நிலத்துத் தலைவன். காதலியை அழைத்துக்கொண்டு சுரத்தைக் கடக்கும் இளங்காளை. இன்று விடலைப் பயல்கள் என்று எழுதினால் வாசகர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்.

நாளிதழ்கள் பெயர் வைப்பது தமிழகத்தில் மட்டும் நடந்ததல்ல. 1898 கோடையில் லண்டன் நாளிதழ்கள் தெருச் சண்டையில் பிடிபட்ட இளைஞர்களை ‘ஹூலிகன்’ என்று எழுதத் தொடங்கின. அது அயர்லாந்துக் குடும்பப் பெயர் ஒன்றிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. லண்டனில் அப்போது ஐரிஷ்காரர் என்றால் ஏழை, வந்தேறி. 1902 வாக்கில் பாரிஸ் நாளிதழ்கள் தங்கள் ஊர்த் தெருக் கும்பல்களை ‘அபாச்சி’ என்று அழைத்தன. அது அமெரிக்கப் பழங்குடி ஒன்றின் பெயர். அந்தப் பழங்குடியில் எவரும் பாரிஸ் தெருவில் யாரையும் குத்தவில்லை. எங்கோ ஒதுக்கப்பட்ட ஒரு கூட்டத்தின் பெயரை எடுத்துப் பக்கத்துத் தெருப் பையனுக்கு ஒட்டுவதில் அவர்களும் நாமும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

இப்போதும் இது நடக்கிறது. கூவம் கரையிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் பெயர்த்தெடுக்கப்பட்ட குடும்பங்களை 2000ஆம் ஆண்டிலிருந்து கொண்டுபோய்க் குடியமர்த்திய கண்ணகி நகரின் பெயரையே அடைமொழியாக்கிவிட்டோம். விலாசத்தைப் பார்த்ததும் வேலை மறுத்தார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் சொல்லி எத்தனை கட்டுரைகள் வந்துவிட்டன. கட்டுரையை ஞாயிறு இணைப்பில் போடுவோம். திங்கட்கிழமை ‘கண்ணகி நகர் ரவுடி’ என்று தலைப்பு வைப்போம். 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் கல்லூரி மாணவர்கள் பட்டாக்கத்தியோடு பஸ்ஸைத் துரத்திய பிறகு ‘ரூட் தல’ (ஒரு பஸ் தடத்தில் போகும் மாணவர் கூட்டத்தின் தலைவன்) என்ற மாணவர் வழக்குச் சொல்லை நாம் விளக்கத்தோடு அச்சிட்டோம். காவல்துறை ரூட் தலைகளின் பட்டியலைத் தயாரித்து நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கியது. பஸ்ஸில் தாளம் போட்டவனும் கத்தி தூக்கியவனும் ஒரே சொல்லுக்குள் வந்தார்கள். கே.டி. பதிவேட்டின் பேரப்பிள்ளை அது.

பிடிபட்டவன் காவல் நிலையக் கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்ததாக நாம் எழுதும் செய்திகளையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மாவுக்கட்டுப் போட்ட கையோடு நிற்கும் பையனின் படத்துக்கு வாசகர் சிரிக்கிறார். எத்தனை பேர்தான் அந்தக் கழிவறையில் வழுக்குவார்கள் என்று எந்த நிருபரும் கேட்பதில்லை. தலைப்பில் ரவுடி என்று இருப்பதால் கேட்கத் தோன்றுவதில்லை. அந்தச் சொல் அவ்வளவு வேலை செய்துவிடுகிறது.

வெட்டுப்பட்டவன் குடும்பத்திடம் போய் இதையெல்லாம் சொல்லுங்கள் என்று யாரோ மேசையில் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயம்தான். என் தங்கையின் கழுத்திலிருந்து சங்கிலியைப் பறித்துப் போயிருக்கிறார்கள். வண்டியோடு விழுந்து அவள் முகத்தில் எட்டுத் தையல். பறித்தவனை நான் மன்னித்துவிடவில்லை. குற்றத்தை மறைக்கச் சொல்லவும் இல்லை. பறித்தான் என்றே எழுதுங்கள், வெட்டினான் என்றே எழுதுங்கள். வினைச்சொல் போதும். அவன் செய்த செயலை எழுதினால் அது செய்தி. அவனுக்குப் பிறவிப் பெயர் வைத்தால் அது நம் வேலை அல்ல.

சட்டத்தையும் சொல்கிறேன், நீங்கள் அறிந்ததுதான். 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 74ஆம் பிரிவை நாம் நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறோம்: சிறாரின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதனால் பெயரை எடுத்தோம், முகத்தை மங்கலாக்கினோம். அதே சட்டத்தின் 3ஆம் பிரிவில் அபராதம் ஏதும் இல்லாத ஒரு கொள்கை இருக்கிறது. சிறார் தொடர்பான நடவடிக்கைகளில் குற்றஞ்சாட்டும் சொற்களையும் பகைமைச் சொற்களையும் பயன்படுத்தக் கூடாது என்று அது சொல்கிறது. காவலருக்கும் நீதிக் குழுமத்துக்கும் எழுதப்பட்டது அது. நமக்கு என்று எழுதவில்லை. இளங்குற்றவாளி என்று 1920இல் சொன்ன சட்டம் இன்று சட்டத்துக்கு முரண்பட்ட சிறார் என்கிறது. நீளமான, செயற்கையான சொல்தான், தலைப்பில் அடங்காது. ‘சிறுவன்’ அடங்கும். நாலே எழுத்து.

எனக்கு வேண்டியது பெரிய நடைக் கையேடு எதுவும் இல்லை. 18 வயது நிரம்பாதவரைப் பற்றிய செய்தியில் ரவுடி, புள்ளிங்கோ, கேடி, குண்டர் எதுவும் வேண்டாம். ‘பிரபல’ என்பதைப் பாடகர்களுக்கு விட்டுவிடலாம். பட்டப்பெயர், வழக்கைப் புரிந்துகொள்ளத் தேவையில்லாதபோது, வேண்டாம். சாதிப் பெயராக இன்றும் சான்றிதழில் இருக்கும் ஒரு சொல், யார் வாயிலிருந்து வந்தாலும், எத்தனை மேற்கோள் குறிக்குள் இருந்தாலும், நம் தலைப்பில் வேண்டாம்.

பழைய பழக்கத்தில் ஒரு செய்தியைத் திருத்திக் காட்டுகிறேன். நானே மேசையில் ஆயிரம் முறை கடத்திவிட்ட வகைதான். “வடசென்னையைக் கலக்கி வந்த பிரபல ரவுடியை ஸ்கெட்ச் போட்டுத் தூக்கிய தனிப்படையினர் அவனைச் சிறையில் அடைத்தனர். அவன் மீது குண்டாஸ் பாய்ந்தது.” இதை இப்படிக் கொடுத்தால் என்ன: “கொலை முயற்சி வழக்கில் 19 வயது இளைஞரைக் காவல்துறையினர் கைது செய்தனர். அவரைத் தடுப்புக் காவலில் வைக்க ஆணையர் உத்தரவிட்டார்.” அவன் அவர் ஆகிவிட்டார், விறுவிறுப்புக் கொஞ்சம் குறைந்தது. எண்ணிப் பார்த்தேன், ஒரு சொல் மிச்சம். எந்தப் பகுதி, என்ன தகராறு என்று நிருபரைக் கேட்டு அந்த இடத்தில் எழுதலாம். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். நாம் கேட்டிருக்க மாட்டோம்.

செங்கல்பட்டுக்காரரிடம் முகவரி வாங்கிவைத்திருந்தேன். வருத்தம் தெரிவித்து நாலு வரி எழுதி, பக்கம் நிரம்பிவிட்டது என்று மறுநாளுக்கு ஒதுக்கி வைத்தேன். மறுநாளும் பக்கம் நிரம்பியது.

அன்புடன்,
உங்கள் பழைய துணை ஆசிரியர் ஒருவர்
சென்னை